பட்டதும் பிடித்த கொடியும்

(திலக் நகரில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரே ஜில்லாவிலிருந்து வந்தோம். ஒரே சாலில் குடியிருக்கிறோம். தேர்தல் வந்தால் மட்டும் ஐந்து கொடிகளின் கீழ்ப் பிரிந்து நிற்கிறோம். தமிழனுக்குக் கொள்கையே கிடையாது என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். நாங்கள் அதை ஒப்பவில்லை. மனிதன் தான் பட்டதை வைத்துத்தான் கட்சியைத் தேடுகிறான். ஆனால் பட்டது ஒன்றாயிருந்தும் போய்ச் சேரும் இடம் வேறாகிறதே, அது ஏன்?

1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். நம் தகப்பன்மார் காலத்துச் சங்கதி. போனஸ் கேட்டார்கள், எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு தெருவில் தள்ளப்பட்டவர்களும் உண்டு. வேலைக்குப் போனவர்களை விசுவாச ஊழியர் என்று அழைத்து நிர்வாகம் சலுகை தந்தது. இந்த இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள். ஒருவனுக்குச் சங்கம் என்றால் அப்பாவுக்குத் துணைநின்ற கை. மற்றவனுக்குச் சங்கம் என்றால் அப்பாவைக் கருங்காலி என்று ஏசிய வாய். 1979-ல் வந்த போனஸை இரண்டு வீடுமே வாங்கின என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இனி அண்ணல் அம்பேத்கர். 1901-ல், ஏறக்குறைய பத்து வயதில், வேலையிலிருந்த தகப்பனாரைப் பார்க்க வீட்டுப் பிள்ளைகளோடு ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். நல்ல உடுப்பைப் பார்த்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகார் பிள்ளைகள் என்று கேட்டதும் முகம் மாறி விலகிப் போகிறார். இரட்டைக் கூலி தருகிறோம் என்றபின்தான் ஒரு வண்டிக்காரர் இணங்குகிறார். அதுவும் எப்படி? பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார்! இரவு முழுவதும் குடிக்கத் தண்ணீர் இல்லை. இதைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த அவமானம் பட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பலர் அதைத் தலைவிதி என்று கொண்டார்கள். அவர் அதற்குக் காரணம் தேடினார், படித்தார், ஆள் சேர்த்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் பேசியபோது அந்தச் சிறுவனின் தாகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தாழ்த்தப்பட்டவன் ஏன் கேங்மேனாகவே கிடக்கிறான், ஏன் போர்ட்டராக முடியவில்லை என்று கேட்டார். போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருந்தது, அந்த வீட்டுக்குள் இவனை விடமாட்டார்கள் என்று காரணத்தையும் சொன்னார். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டுமே தொழிலாளிக்குப் பகை என்றார். மசூரிலிருந்து மன்மாடு வர முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. ரயில்வேயில் இருக்கும் நாம் இந்த இரண்டு ஸ்டேஷன்களையும் மறக்கக் கூடாது.

பட்டது தானாகவே நல்ல பாதையைக் காட்டிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1966-ல் சிவசேனை பிறந்தபோது, வேலையில்லாத மராத்தி இளைஞனின் பசி பொய்யல்ல. முதலாளியைக் கேள் என்று சொன்ன செங்கொடியும் அவன் பேட்டையில் இருந்தது. மதராஸியைத் துரத்து என்றவர்களும் அதே தெருவுக்கு வந்தார்கள். தாராவியில் தோல் பதனிடும் கூடத்தின் நாற்றத்தில் நின்ற நம்மவர் எவருடைய நாற்காலியையும் பறித்திருக்கவில்லை. ஆனாலும் அடிக்குப் பயந்து கதவைச் சாத்தினார்கள். பின்னாளில் நம்மவரிலேயே சிலர் அந்தக் கொடியைப் பிடித்தார்கள். துரோகம் என்று சொல்வது சுலபம். பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு நள்ளிரவில் ஆம்புலன்ஸ் கொண்டுவந்தது அந்தச் சாகையாக இருந்தால் அந்த வீடு வேறெங்கே போகும்? முதலில் வந்து நின்றவன் சொல்லும் காரணமே காரணமாகிவிடுகிறது.

இன்றைக்கு நம் முன்னால் இருப்பது தாராவிச் சீரமைப்பு. 1-1-2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டுபவருக்குத் தாராவிக்குள் இலவச வீடு. மாடியில் இருப்பவருக்கு அது கிடையாது. வெளியே, பணம் கட்டிக் கழிக்கும் வீடுதான். ஒரே ஏணியின் மேலும் கீழும் இருப்பவர்கள் இனி இரண்டு கட்சி! கீழ்வீட்டுக்காரர், திட்டம் வந்தால் கக்கூசாவது வீட்டுக்குள் வரும் என்கிறார். மேல்வீட்டு அம்மாள், நான் இட்லி விற்கும் தெருவை விட்டு எங்கே போவேன் என்கிறார். இருவரும் சொல்வது உண்மை. இருவருக்கும் நடுவில் கோடு போட்டது அவர்கள் அல்லர்.

ஆகவே அடுத்த ஞாயிறு நடக்கும் கூட்டத்துக்குக் கீழ்வீட்டாரும் மேல்வீட்டாரும் சேர்ந்தே வாருங்கள். ரேஷன் கார்டு, பழைய லைட் பில், வாக்காளர் பட்டியல் நகல், எது இருந்தாலும் கையோடு எடுத்து வாருங்கள். தாய்மார்கள் முதலில் பேசுவார்கள். கட்சிப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.