சுவர் கடக்கும் பூனை

பருப்பும் எண்ணெயும் மிளகாய் வற்றலும் வாணிகம் புரியும் விருதுநகர்ப் பகுதியில் எலியை அடக்கும் பூனை வேண்டப்பட்ட உயிர்தான். ஆயினும் அருகிலுள்ள சூலக்கரை போன்ற ஊர்களில் வீடுகள் நெருங்கி எழும்பொழுது, அதே பூனை அயலாரிடையே வழக்குப் பொருளாகிவிடுகிறது. “எங்கள் செல்லம்” என்பார் ஒருவர். “எங்கள் பாற்பாத்திரத்தின் பகை” என்பார் அடுத்த வீட்டார். இருவர் கூற்றும் உண்மையே.

மனிதர் எழுப்பிய மதிலைப் பூனை எல்லையாகக் கொள்வதில்லை. ஆண்பூனை சிறுநீரைத் தெளித்துத் தன் எல்லையை வகுக்கும். பெண்பூனை ஏறத்தாழ 65 நாளில் ஈனும். ஆண்டிற்கு இருமுறைக்கு மேலும் ஈனக்கூடும். ஆகவே, சோறிடுவதோடு வளர்ப்பவர் கடமை முடிந்துவிடாது. கால்நடை மருத்துவரைக் கொண்டு கருத்தடை செய்வித்தால் குட்டிகள் பெருகா. அலைதலும் தெளித்தலும் இரவுச் சண்டையும் பெரிதும் குறையும். வெறிநோய்த் தடுப்பூசியும் இன்றியமையாதது.

மனம் நொந்த அயலாரும் நஞ்சை நாடலாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, கேடு கருதி விலங்கை நஞ்சிட்டுக் கொல்வோர்க்கு ஐந்தாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அன்றியும், நஞ்சிட்ட சோற்றைத் தவழும் குழந்தையின் கையும் எட்டும் அன்றோ?

பூனைக்கு நம் வழக்கு விளங்காது, பேசவேண்டியவர் மனிதரே. அதிலும் முதலிற் செல்லவேண்டியவர் பூனையை வளர்ப்பவர். அயல்வீட்டில் பால் கவிழ்ந்தது என்று கேள்வியுற்றால், அவர் ஒரு செம்புப் பாலோடு அவ்வீட்டுப் படியேறட்டும். பூனையால் வந்த பகை அங்கேயே தணியும்.