மஞ்சள் கடுதாசிக்கு முன் ஒரு வழி



கடனைத் தீர்க்க வகையற்றுப் போனவர் நீதிமன்றத்தில் மனுச் செய்து கொள்வதை நம் ஊர்ப்பக்கத்தில் 'மஞ்சள் கடுதாசி கொடுப்பது' என்பார்கள். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நடுத்தரக் குடும்பங்கள் நடுங்கும். பாலிகஞ்சிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் குடியிருக்கும் நம்மவருக்கு இந்த நடுக்கம் சற்று அதிகம். சொந்த ஊராயின் பெரியப்பாவோ மாமாவோ முன்னின்று, கடன் கொடுத்தவரிடம் பேசித் தவணை வாங்கித் தருவார். அயல் மாநிலத்தில் அப்படி ஒருவர் கிடைப்பது அரிது. செய்தி ஊருக்கு எட்டிவிடுமோ என்ற அச்சத்தில், ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனை வாங்கி, வட்டிக்கு வட்டி கட்டி மாய்பவர் பலர். வாய்மூடி இருப்பதற்கும் மஞ்சள் கடுதாசிக்கும் இடையே கௌரவமான ஒரு நடுவழி உண்டு. கடன் கொடுத்தவர்களோடு முறைப்படி செய்துகொள்ளும் திருப்பிச் செலுத்தும் ஒப்பந்தமே அது.

இதற்குச் சிறந்த முன்மாதிரி இந்நகரிலேயே இருக்கிறது. கவி இரவீந்திரநாதரின் பாட்டனார் துவாரகநாத தாகூர் 1846-இல் லண்டனில் காலமானார். அவர் நிறுவிய கார் தாகூர் கம்பெனி 1848-இல் நொடித்தது. பாக்கி சுமார் ஒரு கோடி ரூபாய். வரவேண்டியதோ எழுபது லட்சம் என்று அவருடைய மூத்த மகன் தேவேந்திரநாதர் தம் சுயசரிதையில் கூறுகிறார். குடும்பச் சொத்தில் ஒரு பகுதி டிரஸ்டில் இருந்தது. கடன்காரர் அதைத் தொட முடியாது. ஆயினும் தேவேந்திரநாதர் கடன் கொடுத்தவர்களின் கூட்டத்தில், அந்தச் சொத்தையும் சேர்த்து ஒப்படைக்க முன்வந்தார். அந்த நேர்மை அவர்கள் மனத்தைத் தொட்டது. சொத்துக்களின் நிர்வாகத்தைத் தாங்கள் ஏற்று, குடும்பச் செலவுக்கு ஆண்டுக்கு இருபத்தையாயிரம் ரூபாய் ஒதுக்கினர். பிற்பாடு நிர்வாகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தனர். பல ஆண்டுகள் சிக்கனமாக வாழ்ந்து அவர் கடனைத் தீர்த்தார்.

அவ்வளவு பெரிய சொத்து நம்மிடம் இல்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டின் மூன்று அம்சங்கள் நமக்கும் பொருந்தும்: உள்ளதை ஒளிக்காமல் காட்டுதல், கடன் கொடுத்த அனைவரையும் ஒன்றாகக் கருதுதல், குடும்பம் பிழைக்க ஒரு பகுதியை முன்னதாகவே ஒதுக்குதல்.

சட்டம் என்ன சொல்கிறது? கல்கத்தா, பம்பாய், சென்னை என்னும் பழைய ராஜதானி நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், மற்றப் பகுதிகளுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்பட்டன. பாலிகஞ்ச், ஹைகோர்ட்டின் பழைய நகர எல்லைக்கு வெளியே இருப்பதால், இங்கே குடியிருப்பவர் பொதுவாக அலிப்பூர் நீதிமன்றத்தையே நாட வேண்டும். இவ்விரு சட்டங்களிலும் சமரசத்துக்கு இடமுண்டு. இன்சால்வென்ட் என்று அறிவிக்கப்பட்டவர், இன்ன தொகையை இன்னபடி தருகிறேன் என்று ஒரு திட்டத்தைச் சமர்ப்பிக்கலாம். கடனை நிரூபித்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையோரும், தொகையில் நான்கில் மூன்று பங்கு உடையவர்களும் இசைந்து, நீதிபதியும் ஏற்றால், அறிவிப்பு ரத்தாகும். இசையாத சிலரையும் அத்திட்டம் கட்டுப்படுத்தும். தவணை தவறினாலோ, பழைய நிலை திரும்பக் கூடும்.

2016-ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டமும் தனிநபருக்கு இத்தகைய திட்டத்தை வகுத்திருக்கிறது. ஆனால் 2019 டிசம்பர் 1-இல் அப்பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்களுக்கு மட்டுமே அமலுக்குக் கொண்டுவரப்பட்டது.

மனுவே இல்லாமலும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். முதலில் கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணமாக, ஒருவருக்கு மூன்று இடங்களில் மூன்று லட்சம், இரண்டு லட்சம், ஒரு லட்சம் கடன் இருக்கிறது. வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் போக மாதம் பன்னிரண்டாயிரம் மிஞ்சுகிறது. அதை ஆறாயிரம், நாலாயிரம், இரண்டாயிரம் என்று பங்கிட்டால், இனி வட்டி இல்லை என்று மூவரும் இசையும் பட்சத்தில், ஐம்பது மாதத்தில் கடன் தீரும். உரக்கக் கேட்பவருக்கு முழுவதும் கொடுத்து மற்றவரை ஏய்த்தால் ஒப்பந்தம் நிலைக்காது.

இங்கே சில எச்சரிக்கைகள் அவசியம். தனி ஒப்பந்தம் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டும். வட்டி நின்றதா, எத்தனை தவணை, தவறினால் என்ன என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். பணம் முழுதும் தீர்ந்ததும் பிராமிசரி நோட்டையும் முன்தேதியிட்ட செக்குகளையும் திரும்பப் பெறுங்கள். கெடு முடியுமுன் எழுத்துமூலம் கடனை ஒப்புக்கொண்டால் காலவரையறை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆகையால் படித்துப் பாராமல் கையெழுத்திடாதீர்கள். ஜாமீன் நின்ற நண்பருக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். பாங்கு அசலில் ஒரு பகுதியைத் தள்ளிக் கணக்கை முடித்தால், கடன் வரலாற்றில் அது சமரசத் தீர்வென்றே பதியும். பிறகு கடன் கிடைப்பது சற்றுக் கடினம்.

கைச்செலவு அஞ்சுவோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் லோக் அதாலத் இருக்கிறது. வழக்குத் தொடருமுன்னரே அங்கே போகலாம். இரு தரப்பும் இசைந்து எழுதிய தீர்வு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே செலுத்தக் கூடிய தொகைக்கு மட்டுமே இசைய வேண்டும். அவ்விடத்தின் கூச்சத்தில் பெரிய தொகைக்குத் தலையசைத்துவிட்டு வருந்துவதில் பயனில்லை.

எவரும் நொடித்தே ஆகவேண்டிய நிலைமையும் உண்டு. வருமானமே அற்றவருக்குத் தவணை ஒப்பந்தம் வெறும் காகிதம். அவருக்கு மஞ்சள் கடுதாசியே சட்டம் தந்த பாதுகாப்பு. அதில் இழிவு ஒன்றும் இல்லை. உடுதுணி, சமையல் பாத்திரம், தொழிற்கருவி முதலியவற்றைச் சட்டம் கடன்பட்டவரிடமே விட்டுவைக்கிறது. ஆனால் மாதச் சம்பளம் வரும் குடும்பத்துக்கு, கடன் கைமீறு முன்னர் பேசுவதே நன்மை. மூன்றாம் தவணை தவறிய பின்னர் சொல்வதைக் காட்டிலும், முதல் தவணை தவறும் முன்னர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அதற்குமுன் வீட்டாரிடம் கணக்கை விரித்துக் காட்டுங்கள். மாதாமாதம் மிச்சம் பிடிக்க வேண்டியவர்கள் அவர்களும்தாமே.