கருவுற்ற மகளிர்க்கு உண்டாகும் சிறு பிணிகள்
(நமது சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் யான் மகளிர் பிணியைப் பற்றிப் பேச வந்தமை சிலர்க்கு வியப்பாக இருத்தல் கூடும். யான் மருத்துவனல்லேன். மருத்துவர் எழுதிய நூல்களைப் பயின்றும், அறிந்தோரை வினாவியும் தெரிந்துகொண்டவற்றையே கூறப் புகுகின்றேன். இப்பொருளில் என்னைப் புகுத்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதலே நேர்மை.

கருவுற்ற மூன்றாந் திங்களில் எம் இல்லம் வந்திருந்த என் தங்கை, சோறு கொதிக்கும் மணமும் பொறாது குமட்டுகின்றது என்றாள். "உலகில் நீ ஒருத்திதானோ பிள்ளை பெறப் போகின்றவள்?" என்று யான் நகைத்தேன், அன்னையாரும் உடன் நகைத்தனர். எட்டாந் திங்களில் பேறுகாலத்திற்கென மீண்டும் வந்தபோது அவள் முகமும் கைகளும் தடித்திருந்தன. தாய்மைப் பூரிப்பு என்று யாம் மகிழ்ந்தோம். இரண்டு நாள் கடுந்தலைவலியால் வருந்தியும் அவள் வாய் திறந்திலள். மூன்றாம் நாள் வலிப்புக் கண்ட பின்னரே யாம் அறிந்தோம். தாய் பிழைத்தாள், குழவி பிழைக்கவில்லை. "ஏன் அம்மா சொல்லவில்லை?" என்று பின்னொருநாள் வினாவினேன். "சொன்னால் நகைப்பீர்களே, அண்ணா" என்றாள்.

நம் குலப் பெண்டிர் பொறுமைமிக்கார் என்று மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். சிறு நோவைச் சொல்லி நகைப்புக்கு ஆளானவள் பெருநோவையும் சொல்லாள் என்பதனை நாம் எண்ணுவதில்லை.

இச்சிறு பிணிகள் எங்ஙனம் உண்டாகின்றன? நம் உடலில் சில சுரப்பிகள் குருதியிற் கலக்கும் பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை 1905-ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் வழங்கினார். 'தூண்டுதல்' எனப் பொருள்படும் கிரேக்க வினையடியாகப் பிறந்த சொல் அது. (சொல்லின் வேரைத் தேடுவது என் தொழிற்பழக்கம், பொறுத்தருள்க.) கரு தங்கிய நாள் தொட்டு இவை தாயின் உடலிற் பெருகுகின்றன. குமட்டலை எடுத்துக்கொள்வோம். கருவிலிருந்து தாயின் குருதியிற் கலக்கும் ஜி.டி.எப்.15 என்னும் ஹார்மோன் மூளையைத் தூண்டிக் குமட்டலை விளைவிக்கின்றதென 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. கருவுறுமுன் எவர் உடலில் அது குறைவாக இருந்ததோ அவர்க்கே துன்பம் மிகுதி. ஆகலின், "செல்லம் கொஞ்சுகின்றாள்" என்னும் பேச்சை மாமிமார் இனிக் கைவிடுவாராக.

பெரும்பாலும் ஆறாம் வாரத்தில் தொடங்கும் இக்குமட்டல் பன்னிரண்டு முதல் பதினாறு வாரத்திற்குள் தணியும். அதுகாறும், படுக்கையினின்று எழுமுன் சிறிது பொரியோ வறண்ட ரொட்டியோ உண்டு, சற்றுப் பொறுத்து எழுதல் நன்று. வயிற்றை வெறுமையாக விடாது இரண்டு மூன்று மணிக்கொருமுறை சிறிது சிறிதாக உண்ணுக. இஞ்சி பலர்க்கு உதவுகின்றது. தாளிக்கும் மணம் பொறாதவட்கு அடுப்படியைப் பிறர் ஏற்பது மருந்தினும் சிறந்தது. ஆடவர் ஏற்பினும் குலப்பெருமை குன்றாது. பருகிய நீரும் தங்காது, சிறுநீர் குறைந்து நிறம் கடுத்தால், அது சிறு பிணியன்று. அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் வழக்கத்தை அறவே ஒழிக்க. 1957-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மாத்திரை, உறக்கத்திற்கும் குமட்டலுக்கும் தீங்கற்றதென்று கொடுக்கப்பட்டது. 1961-இல் அது நிறுத்தப்படுமுன் கைகால் குறைந்த குழவிகள் பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கிற் பிறந்துவிட்டன. குமட்டலுக்குத் தக்க மருந்துகள் இன்று உள. அவற்றை மருத்துவர் எழுதித் தருதல் வேண்டும்.

நெஞ்செரிவும் மலச்சிக்கலும் ஒரே காரணத்தால் வருவன. புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கருப்பையைச் சுருங்காது காக்கும் பொருட்டுத் தசைகளைத் தளர்த்துகின்றது. உடன், உணவுக்குழலின் வாயிலும் குடலும் தளர்கின்றன. இரவுணவை முன்னரே முடித்துத் தலையணையை உயர்த்தி இடப்புறம் சாய்ந்து படுத்தலும், கீரை, பழம், நீர் இவற்றை மிகுதியாகக் கொள்ளுதலும் போதும். இரவில் கெண்டைக்காற் சதை இழுத்துக்கொண்டால் காலை நீட்டிப் பாதத்தைத் தன்பால் மடக்குக.

களைப்பைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் கருவுற்ற மகளிருள் நூற்றுக்கு 52 பேர் குருதிச்சோகை உடையர். 1928-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ மாது, பஞ்சாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகள் வெளிறிச் சோர்வதனை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்தவளவில் அவர்கள் தேறக் கண்டார். அதிலிருந்த சத்தே பின்னர்ப் பசலைக்கீரையினின்று பிரிக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று அரசினர் நான்காந் திங்கள் முதல் 180 நாள் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் இவ்வமிலமும் உள. அம்மாத்திரையைப் பரணில் எறிந்துவிட்டு, "பிள்ளை பெருத்தால் பேறு கடினம்" என்று உணவையும் குறைக்கும் இல்லங்கள் நம்மிடையே உள. எலுமிச்சைச் சாற்றுடன் கொண்டால் இரும்பு உடலில் நன்கு சேரும். தேநீர், காப்பி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு கொள்ளலாகாது. மலம் கறுத்தல் கண்டு அஞ்சற்க. அது இரும்பின் நிறமே.

இனி வீக்கம். மாலையிற் பாதம் வீங்கிக் காலை உயர்த்தி வைத்தால் வடிவது இயல்பே. முகமும் கைகளும் திடீரெனத் தடித்தல், நீங்காத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு இவை அங்ஙனமல்ல. இருபது வாரத்திற்கு மேல் குருதியழுத்தம் 140/90 அளவை எட்டினால், எந்நோவும் இலதாயினும் மருத்துவர் பார்த்தே தீரல் வேண்டும். குருதி கசிதல், குழவியின் அசைவு குறைதல் இவற்றையும் விடியட்டும் என்று வைத்திருத்தல் ஆகாது, 108-ஐ அழைத்திடுக. வளைகாப்பிற்குப் பந்தலிட்டு ஊரை அழைக்கும் நாம், அதே திங்களில் அவள் குருதியழுத்தம் யாதென்று கேட்டோமா? என் தங்கைக்கு வளைகாப்பு மிகச் சிறப்பாக நிகழ்ந்தது.

அவள் மீண்டும் கருவுற்றபோது, நாடோறும் மாலையில் தொலைபேசியில், "இன்று என்ன நோவு?" என்று கேட்பதை வழக்கமாகக் கொண்டேன். முதலில் நாணினாள், பின்னர்த் தானே கூறலாயினாள். அப்பிள்ளைக்கு இப்பொழுது நான்கு வயது.

சுகாதாரச் செவிலி அம்மையார் ஒருவர் குருதியழுத்தமானியுடன் இங்கு வந்துள்ளார். ஆடவர் முன் கேட்கத் தயங்குவன பல இருக்கும். ஆதலால், சோதரர்களே, நாம் சிறிது நேரம் தாழ்வாரத்தில் இருப்போம், எழுந்திருங்கள்.