நகர நிதியும் நற்பணியும்



குழந்தைகளுக்குத் தொண்டாற்றும் அமைப்புகள் பல, நகர அரசின் மானியத்தை நம்பியே இயங்குகின்றன. வருவாய் குன்றும் ஆண்டில் அம்மானியமும் குன்றுவது இயல்பு. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மக்கள் 1991-ஆம் ஆண்டில் இதற்கொரு வழி கண்டனர். சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் இரண்டரை சென்ட் வரை, சொத்து வரி வருவாயிலிருந்து குழந்தைகள் நிதிக்கென ஒதுக்கப்பட வேண்டும் என வாக்களித்து, நகரச் சாசனத்திலேயே பொறித்தனர். 2014-இல் மீண்டும் வாக்களித்து, அதனைப் படிப்படியாக 4 சென்ட்டாக உயர்த்தி, 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தனர். பள்ளி நேரத்திற்குப் பின் பிள்ளைகளைப் பேணுதல், இளையோர்க்கு வேலைப் பயிற்சி அளித்தல் முதலிய பணிகளைச் செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு இந்நிதி மானியமாகச் சேர்கிறது.

ஆள்வோரின் கருணையால் வரும் உதவி ஆளுக்கு ஆள் மாறும். சாசனத்தில் பொறித்த கடமையோ ஆண்டுதோறும் தொடரும். நற்பணிக்கு நல்லெண்ணம் வித்து. நிலையான நிதியே நீர்.