ஈர விறகு: நீலகிரியின் பசுமைத் தொழில் பற்றி ஒரு வழக்கு

இந்தச் சொற்பொழிவின் தலைப்பை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று அறக்கட்டளையின் செயலர் எழுதியிருந்தார். அவர் செய்த பிழை அது.

நீலகிரியின் பொருளாதாரம் ஏற்கெனவே பசுமையானதுதான் என்று என் நண்பர்கள் சிலர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். மூவர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வாதம் இதுதான்: மின்சாரம் அணையிலிருந்து வருகிறது, எரிக்கும் மரத்துக்கு ஈடாக மரம் வளர்கிறது. அணையை நான் மறுக்கவில்லை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கியது, குந்தா பின்னர் வந்தது. ஆனால் பைக்காரா வளர்த்தது கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளை. மலையின் பெருந்தொழில் தேயிலை. அது மின்சாரத்தால் அரைபட்டு, விறகால் காய்கிறது. என் வழக்கு அந்த விறகைப் பற்றியது.

ஒரு கிலோ தேயிலைத் தூளை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். மீதி மூன்றரை கிலோவும் தண்ணீர். வாட்டும்போது கொஞ்சம் போகும், பெரும்பகுதி டிரையரில் போகும். கொதிநிலைக்கு வந்த தண்ணீரை ஆவியாக்க மட்டும் கிலோவுக்கு 540 கிலோ கலோரி. மூன்றரை கிலோவுக்கு 1,900 என்று வையுங்கள். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோ 3,500க்குக் குறையாமல் தரும். ஆக, காகிதத்தில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் போதும். அந்த அளவோடு நிற்கும் அடுப்பை நான் பார்த்ததில்லை. அடுப்புச் சுவர் கொஞ்சம் தின்னும், புகைபோக்கி கொஞ்சம் தின்னும். இவற்றை என் நண்பர்களும் கணக்கில் சேர்க்கிறார்கள். சேர்க்காதது ஒன்று உண்டு. வெட்டிய புதிதில் யூகலிப்டஸ் மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர்! டன் கணக்கில் விறகு வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்தே பணம் எண்ணுகிறார்.

ஓர் ஐப்பசி மழையில் குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் அடுப்பு முன் நின்றேன். விறகு வெளியில் குவிந்து நனைந்துகொண்டிருந்தது. உள்ளே தள்ளிய கட்டையின் வெட்டுமுனையில் நுரை கட்டிச் சீறியது. அடுப்புக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “முதல்ல கட்டையைக் காயவைக்கிறேன் சார், அப்புறம்தான் இலையை.” இருபது பக்கக் கட்டுரையில் நான் சொல்ல முயன்றதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். வெயில் நாளில் வெறும் காற்றிலேயே வாடும் இலைக்கு மழை நாளில் சூடான காற்று வேண்டும். விறகு நனைவதும் அதே நாளில். மலைக்குத் தேவைப்படும் முதல் பசுமைத் தொழில்நுட்பம் விறகுக்கு மேல் ஒரு தகரக் கூரை. இதைச் சொன்னால் கருத்தரங்குகளில் சிரிக்கிறார்கள். கூரைக்கு ஆய்வு நிதி கிடைக்காது என்பது உண்மைதான்.

‘ஈடாக வளரும் மரம்’ பற்றியும் ஒரு வார்த்தை. யூகலிப்டஸும் சீகை மரமும் பல இடங்களில் நடப்பட்டது சோலையை ஒட்டிய புல்வெளியில். புல்வெளி தன் கரிமத்தை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. தலைக்கு மேல் மரம் தெரியாததால் கணக்கில் அது தரிசு. தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் தரிசாக இருந்திருக்க முடியுமா?

நேரமாகிவிட்டது. சிறு விவசாயியின் இலை விலையில் விறகுச் செலவு எவ்வளவு கழிகிறது என்று யாராவது பார்க்க வேண்டும். தைலம் காய்ச்சியபின் மிஞ்சும் யூகலிப்டஸ் சக்கையை எரிபொருளாக்குவது, தொழிற்சாலைக் கூரையில் வெயிலால் காற்றைச் சூடாக்குவது, ஊட்டிக்கு ஏறும் வண்டிகளின் புகை, இவையெல்லாம் தனித்தனி ஆய்வுகள். மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முன்வரிசை நண்பர்களே, அடுத்த கருத்தரங்குக்கு ஓர் ஈரமானி வாங்கி வாருங்கள். விறகை நான் கொண்டுவருகிறேன்.