பொருளியல் மேற்படிப்பும் உதவிப்பணி ஊதியமும்

(கல்வி உதவி வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளை அமெரிக்கா சென்று படிக்க விரும்பினால், நிலத்தை அடகு வைப்பதா, நகையை விற்பதா என்பதே நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி. பொருளியல் மாணவர்களைப் பொறுத்தவரை, அதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. விண்ணப்பிப்பது முதுகலைக்கா, முனைவர் பட்டத்திற்கா?

அங்கே பொருளியல் முதுகலை ஓராண்டு அல்லது ஈராண்டுப் படிப்பு. அதன் செலவைப் பெரும்பாலும் மாணவரே ஏற்க வேண்டும். முனைவர் பட்டத்திற்கோ ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஆயினும், அதில் சேர்க்கப்பெறுவோர்க்குப் பெரும்பாலான முன்னணித் துறைகள் கல்விக் கட்டணத்தை விலக்கி, வாழ்க்கைச் செலவுக்கு ஊதியமும் அளிக்கின்றன. பல இடங்களில் மருத்துவக் காப்பீடும் உடன் கிடைக்கிறது. ஆகவே, நீண்ட படிப்பே செலவு குறைந்த படிப்பாக அமைவதுண்டு.

இவ்வூதியம் இனாமன்று, உழைப்பிற்குரியது. இளங்கலை வகுப்புகளில் நூற்றுக்கணக்கானோர் பயிலும்போது பேராசிரியர் ஒருவரே அனைத்தையும் கவனித்தல் இயலாது. ஆகவே, கற்பித்தல் உதவியாளர் சிறு குழுக்களுக்குப் பாடம் விளக்குவார், ஐயம் தீர்ப்பார், விடைத்தாள் திருத்துவார். ஆராய்ச்சி உதவியாளர் பேராசிரியரின் ஆய்வுக்குத் தரவு திரட்டிக் கணினியில் பகுத்துத் தருவார். முழு உதவிப்பணி என்பது பொதுவாக வாரத்திற்கு 20 மணி நேரம். எஃப்-1 விசாவில் சென்ற மாணவர், வகுப்புகள் நடைபெறும் பருவத்தில், வளாகத்தினுள் அதற்குமேல் பணிபுரிய விதி இடந்தருவதில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உள. சில துறைகள் ஒன்பது மாதங்களுக்கே ஊதியம் தரும். கோடை மாதங்களுக்கு வழி தேட வேண்டும். ஊதியத்திற்கு வருமான வரி உண்டு. முதலாண்டில் நுண்பொருளியல், பேரளவுப் பொருளியல், பொருளியல் அளவையியல் ஆகிய மூன்றும் கடினமாக இருக்கும். அவற்றையொட்டிய தகுதித்தேர்வில் தேறாதவர் பெரும்பாலும் படிப்பைத் தொடர இயலாது. வகுப்பெடுக்கும் முன் ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் பல இடங்களில் உண்டு. ஆதலின் அனுமதிக் கடிதத்தில் ஊதியம் எத்தனை ஆண்டு, எந்த நிபந்தனையில் என்பதை வரிவரியாகப் படியுங்கள். அவசரம் வேண்டா, நிதியுதவியோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை விடையளிக்கலாம் என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்றுக்கொண்ட உடன்பாடு.

மாணவர்களுக்கு ஒரு சொல். இத்துறையின் வாயிற்காவலன் கணிதம். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, மெய்ப்பகுப்பாய்வு ஆகியவற்றை இளங்கலையிலேயே பயிலுங்கள். உங்கள் உழைப்பை அருகிருந்து கண்ட ஆசிரியர்கள் எழுதும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் மதிப்பெண்ணுக்கு நிகரான எடை உடையவை. மூன்றாண்டு இளங்கலையை ஏற்காத பல்கலைக்கழகங்களும் உண்டு. எனவே இங்கேயே முதுகலை முடித்துச் செல்வதும் நல்வழியே. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜி, 1983இல் டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, 1988இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர்.

நிறைவாக, அறக்கட்டளைப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊதியம் கிடைத்தபின் மாணவர் தம்மைத் தாமே தாங்கிக்கொள்வார். தடையாய் நிற்பது அதற்கு முன்னுள்ள சிறு செலவே. ஒரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பக் கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தால் 1,000 டாலர். தேர்வுக் கட்டணம், விசா, விமானச் சீட்டு, முதல் மாத வாடகை என்பன வேறு. எளிய குடும்பத்துப் பிள்ளை இத்தொகைக்கு அஞ்சியே விண்ணப்பத்தைக் கைவிடுகிறது. இச்செலவுக்கு வட்டியில்லாக் கடன் வழங்கி, ஊதியம் பெறத் தொடங்கியதும் தவணையாகத் திரும்பப் பெற்றால், அதே தொகை அடுத்த ஆண்டு மற்றொரு பிள்ளைக்குப் பயன்படும்.

பெற்றோர்களே, ஐந்தாறு ஆண்டுகள் பிள்ளையிடமிருந்து பெருந்தொகை எதிர்பாராதிருக்கும் பொறுமையே நீங்கள் தரவேண்டிய முதலீடு. அப்பொறுமையை மகனுக்குக் காட்டுவது போலவே மகளுக்கும் காட்டுங்கள். விளைநிலம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் கற்று உயரட்டும்.