குறைமாதக் குழந்தையும் மூடாத குழாயும்



பள்ளி ஆசிரியராகிய நாம் மருத்துவம் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். மருத்துவம் செய்வதற்குத்தான் பட்டம் வேண்டும், அறிந்துகொள்வதற்கு அன்று.

கருவிலுள்ள சிசுவுக்கு உயிர்வளி நஞ்சுக்கொடி வழியே வருகிறது. ஆதலின், நுரையீரலுக்குச் செல்லவேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் வழியே உடலுக்குச் சென்றுவிடுகிறது. நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த இரண்டு மூன்று நாட்களில் அக்குழாய் சுருங்கி மூடிக்கொள்ளும். 28 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்கோ பல வேளைகளில் அது மூடுவதில்லை. அப்போது இரத்தம் எதிர்த்திசையில் பாய்ந்து நுரையீரலில் மிகுகிறது. குடலுக்கும் சிறுநீரகத்திற்கும் குறைகிறது. பி.டி.ஏ. என்று மருத்துவர் எழுதுவது இதனையே. "இதயத்தில் ஓட்டை" என ஊரார் கூறி நடுங்குவது சரியன்று.

1938இல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் அறுவை மருத்துவர், 7 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இக்குழாயைக் கட்டி வெற்றி கண்டார். 1976இல் இண்டோமெதசின் மருந்தால் குறைமாதக் குழந்தைகளுக்கு இதனை மூடலாம் என்று அறிவித்தனர். பின்னர் இபுபுரூபனும் பாராசிட்டமாலும் வந்தன. குழாய் திறந்திருந்தால் உடனே மூடவேண்டும் என்பதே பலவிடங்களில் வழக்கமாயிற்று.

ஆனால் 2023இல் நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் நாடுகளின் ஆய்வும், 2024இல் 653 குழந்தைகளைக் கொண்ட பிரிட்டன் ஆய்வும் வேறு கூறின. தொடக்கத்திலேயே இபுபுரூபன் கொடுத்ததால் இறப்போ நாட்பட்ட நுரையீரல் நோயோ குறையவில்லை. ஆகவே இன்று மருத்துவர் பலர் கண்காணித்துக் காத்திருக்கின்றனர். குழாய் பெரிதாயிருந்து, மூச்சுக்கருவியை விடமுடியாமல் குழந்தை தவித்தால் மட்டும் மருந்து. அதற்கும் மூடாவிடின் அறுவையோ, தொடையின் இரத்தக்குழாய் வழியே செலுத்தும் அடைப்பானோ.

இங்கேதான் நம்மவர்க்குத் தடுமாற்றம். தலைமுறை தலைமுறையாகப் புறக்கணிக்கப்பட்டவர் நாம். "இப்போது மருந்து வேண்டாம்" என்றால், ஏழையென்று கைவிட்டனரோ என மனம் பதைக்கிறது. அந்த ஐயம் காரணமின்றிப் பிறந்ததன்று. எனினும், ஒரு கிலோவும் நிறையாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறிடம் ஓடினால், வழியிற் படும் குளிரே அதற்கு எமனாகலாம். அதனினும், மருத்துவரை நேர்நின்று கேளுங்கள்: எக்கோ எடுத்தீர்களா? குழாய் எவ்வளவு பெரிது? மறுபடி எப்போது பார்ப்பீர்கள்? கருத்தோடு காத்திருப்பவரிடம் இவற்றிற்கு விடையிருக்கும். விடையே இல்லையெனில் அது காத்திருத்தலன்று, கைவிடுதல். அப்போது மேலதிகாரியிடம் கேட்கத் தயங்கவேண்டா.

குழாய் திறந்திருக்கையிலேயே சில குழந்தைகள் வீடு திரும்புவதுண்டு. அவற்றுட் பலவற்றிற்கு ஓராண்டிற்குள் தானே மூடிக்கொள்ளும். மறு எக்கோவிற்குக் குறித்த நாளை மட்டும், கூலிவேலை எவ்வளவு நெருக்கினாலும், தவறவிடாதீர்கள்.